அக்காவுக்குக் கட்டிய பல்

காரைக்குடியில் பாதிப் பேரை எனக்கு முகம் தெரியாது, பல் தெரியும். கடையில் ஒருவர் வாயைத் திறந்து சிரித்தால், "மேல் வரிசை, இடது பக்கம் இரண்டாவது, நம்ம சரக்கு" என்று மனசு தன்பாட்டுக்குச் சொல்லும். அவருக்கு என்னைத் தெரியாது. தெரிந்தால் சிரிப்பாரா என்பதும் சந்தேகம்தான், ஏனென்றால் அந்தப் பல்லைச் செய்த நாளில் நான் எத்தனை தடவை வேர்த்து விறுவிறுத்துப் போனேன் என்பது அந்தப் பல்லுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

மருந்துக்கடைக்கு மேல்மாடியில் மூன்று அறை. அதுதான் எங்கள் லேப். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயை ஸ்கேன் எடுத்துக் கம்ப்யூட்டருக்கு அனுப்புவார்கள். நான் அதில் பல்லை வரைந்து, மெஷினில் கடைந்து கொடுப்பேன். சிர்கோனியா என்று ஒரு வெள்ளை வட்டு வரும், கனமான ஊத்தப்பம் அளவில். மெஷின் அதற்குள் ஊசியை விட்டுக் கடைந்து கடைந்து பல்லை எடுக்கும். எல்லாம் எடுத்த பிறகு மிச்சமிருக்கும் வட்டு பணியாரச் சட்டி மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும்.

கடைந்தவுடன் பல் சுண்ணாம்புக் கட்டி மாதிரிதான் இருக்கும். நகத்தால் கீறலாம். அதை அடுப்பில் வைத்து ஆயிரத்து ஐந்நூறு டிகிரிக்குச் சுட வேண்டும். சுட்டால் இரும்பையும் எதிர்த்து நிற்கும், ஆனால் சுருங்கும். அதனால் எந்தப் பல்லையும் முதலில் கால் பங்கு பெரிசாகத்தான் கடைவோம். எவ்வளவு பெரிசு என்பதில்தான் சூட்சுமம். ஒவ்வொரு வட்டின் விளிம்பிலும் ஒரு நம்பர் அச்சடித்திருக்கும். இந்த வட்டு இவ்வளவு சுருங்கும் என்று அர்த்தம். வட்டை மாற்றினால் கம்ப்யூட்டரில் அந்த நம்பரையும் மாற்ற வேண்டும். மறந்தால் மெஷின் கோபித்துக்கொள்ளாது, அழகாகக் கடைந்து கொடுக்கும். அடுப்பும் அழகாகச் சுட்டுக் கொடுக்கும். வாயில் மாட்டும்போதுதான் மாட்டாது.

நானோ பயந்தாங்கொள்ளி. வண்டியைப் பூட்டிவிட்டு மாடியேறி, பூட்டினேனா என்று இறங்கிப் பார்த்து, மறுபடி ஏறி, பூட்டிய மாதிரிதான் இருந்தது, ஆனால் சரியாகப் பார்த்தேனா என்று மறுபடி இறங்குகிறவன். அதனால் நம்பரைச் சத்தமாக மூன்று தடவை வாசித்துவிட்டுத்தான் மெஷினை ஓட விடுவேன். எங்கள் லேபில் பல்லுக்குக் கலர் போடும் பெண் ஒருத்தி உண்டு. எனக்குப் பத்து வயது இளையவள், வாயில் எனக்கு இருபது வயது மூத்தவள்.

"அண்ணே, மூணுவாட்டி வாசிச்சா மந்திரமாயிருமா? வட்டு ஓடிப் போயிராது, மாட்டுங்க" என்பாள்.

இந்த நம்பர் கதையை என் அக்காவிடம் ஒரு தரம் சொன்னது நான் செய்த முட்டாள்தனம். அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். ஒக்கூரில் கட்டிக்கொடுத்திருந்தது. தினம் நான்கு மணிக்கு, மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு எனக்குப் போன் போடுவாள். நலமா என்று கேட்க மாட்டாள்.

"என்னடா, இன்னைக்கி நம்பரு பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

"எத்தன வாட்டி?"

"மூணு."

"பத்தாதுடா. வண்டியப் பூட்டுனதுக்கே நாலு வாட்டி எறங்கிப் பாக்குறவன் நீயி. பல்லு பூட்டவிட ஒசத்தி இல்லையா?"

இதைச் சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். மேல்வரிசையில் ஒரு தெத்துப்பல் உண்டு அவளுக்கு. சிரித்தால் முதலில் வெளியே வருவது அதுதான். போனில்கூட எனக்கு அந்தப் பல் தெரியும்.

போன வருஷம் அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கிணற்றடியிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்றாள். மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனோம், அவளும் மச்சானும் நானும். டாக்டர் ஒரு தாளில் இதயத்தை வரைந்து, அதில் ஒரு கதவை வரைந்து, இந்தக் கதவு சரியாகத் திறக்கவில்லை, மாற்றி வேறு வைக்க வேண்டும், நெஞ்சைத் திறந்துதான் செய்ய வேண்டும் என்றார். 'திறந்து' என்ற இடத்தில் அந்த அறையின் மின்விசிறி எனக்கு இரண்டாகத் தெரிந்தது. அப்புறம் கண் விழித்தபோது நான் கட்டிலில் கிடந்தேன். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து, தன்னுடைய எக்ஸ்ரே உறையால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தாள். நர்ஸ் பிபி பட்டையோடு வந்து, "பேசண்ட் யாரு?" என்று கேட்டாள்.

"நாந்தேன்" என்றாள் அக்கா. "இவன் கூட வந்தவன். எனக்கு வந்த நோவுக்கு இவன் மயங்குறான். இவனுக்கே மொதல்ல பாத்து விடுங்க தாயி, நான் இருந்துக்கிருவேன்."

இதை ஒரு வருஷமாக எல்லோரிடமும் நகைச்சுவையாகச் சொல்லிவந்திருக்கிறேன். நன்றாகத்தான் சிரிக்கிறார்கள்.

வால்வு மாற்றுவதற்கு முன்னால் வாயில் சீழ் எதுவும் இருக்கக் கூடாது, புது வால்வுக்கு அது போய்ச் சேர்ந்தால் ஆபத்து என்றார்கள். பல்லைக் காட்டினால், மேலே முன்பல் நான்கும் ஈறு விட்டுப்போய் ஆடிக்கொண்டிருந்தன. எங்கள் லேபுக்கு வேலை கொடுக்கும் காரைக்குடி டாக்டரிடமே கூட்டிவந்தேன். நான்கையும் எடுத்தார். தெத்துப்பல்லும் அதில் போயிற்று. புண் ஆறும்வரை கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் பல் ஒன்று கொடுத்தார். அக்கா அதை ஒரு நாள் மாட்டினாள். வாந்தி வருகிறது என்று கழற்றி டம்ளரில் போட்டவள்தான். அதற்குப் பிறகு அக்கா சிரித்தால் சேலைத் தலைப்பு முதலில் வந்தது.

இரண்டு மாதம் கழித்து ஆபரேசனுக்கு நாள் கொடுத்தார்கள். திங்கட்கிழமை வந்து சேர வேண்டும். அப்போது அக்கா ஒரு நிபந்தனை போட்டாள்.

"பல்லு கட்டாம நான் மேசையில படுக்க மாட்டேன்."

"அக்கா, நெஞ்சுல ஆபரேசன். வாய யாரு பாக்கப் போறா?"

"எனக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா ஊரே வந்து மூஞ்சியத்தானடா பாக்கும்? பொக்க வாயோட கெடக்கச் சொல்றியா? கழட்டுற பல்லுன்னா அதையும் உருவி டம்ளர்ல போட்டுருவாக. கழட்ட முடியாத பல்லாக் கட்டு. உங்கிட்ட மெசினு இருக்குல்ல, சும்மா ஊரான் பல்லையே கடைஞ்சுக்கிட்டு."

மச்சான் அதிகம் பேசுகிறவர் இல்லை. என்னைத் தனியாக வாசலுக்குக் கூட்டிவந்து, "கட்டிரு மாப்ள. அவ சொன்னா மாற மாட்டா. நாள் தவறக் கூடாது, அம்புட்டுத்தேன்" என்றார்.

அக்காவின் வாய் என் கம்ப்யூட்டருக்கு வந்தது. நாற்பத்தெட்டு வருஷமாக என்னைத் திட்டிய வாய். எந்தப் பக்கம் சுழற்றினாலும் சத்தம் வரவில்லை. இரண்டு பக்கக் கோரைப்பல்லையும் பிடிமானமாக வைத்து, ஆறு பல்லும் சேர்ந்த ஒரே துண்டாக வரைய வேண்டும். தெத்துப்பல்லைப் பழையபடியே வைக்கலாம் என்று கேட்டேன்.

"அட சீ! ஐம்பத்தெட்டு வருசம் அதோட லோல்பட்டேன். உதட்டுல குத்தும், கீரை சிக்கும். நேரா வையி."

நேராகவே வரைந்தேன். அழகாகத்தான் இருந்தது. யாருடைய பல் என்றுதான் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கடைய வேண்டும். பழைய வட்டில் ஆறு பல்லுக்கு இடம் இல்லை. புது வட்டைப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தேன். அக்கா போன் போட்டாள். நான்கு மணிக்குப் போடுகிறவள் பதினோரு மணிக்குப் போட்டதால் வட்டை ஒரு கையில் பிடித்தபடியே போனை எடுத்தேன்.

"என்னக்கா, என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யல. ஆஸ்பத்திரிக்கு நைட்டி நாலு போதுமாடா?"

"எட்டு எடு. டாக்டருக்கும் நர்ஸுக்கும் சேத்து."

"போடா எடுபட்டவனே. என் பல்லு என்னாச்சு?"

"இப்பத்தான் மெஷின்ல மாட்டுறேன்."

"நம்பரு பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

பார்க்கவில்லை. பார்க்கப் போகிறேன் என்ற நினைப்பில்தான் சொன்னேன். அவள் அப்புறம் மாட்டை யார் பார்ப்பது, மச்சானுக்கு யார் சோறு போடுவது என்று பேசிக்கொண்டே போனாள். நடுவில் இரண்டு இடத்தில் மூச்சு வாங்க நின்றாள். நான் அந்த மூச்சை எண்ணிக்கொண்டே மெஷின் பொத்தானை அமுக்கினேன். வாழ்நாளெல்லாம் ஊரார் பல்லுக்கு மூன்று தடவை நம்பர் வாசித்தவன், என் அக்கா பல்லுக்கு ஒரு தடவைகூட வாசிக்கவில்லை.

சனிக்கிழமை காலை அடுப்பைத் திறந்தேன். பளபளவென்று ஆறு பல். அக்காவின் ஸ்கேனிலிருந்து அச்செடுத்த மாதிரித் தாடையில் உட்கார வைத்தேன். இடது பக்கம் உட்கார்ந்தால் வலது பக்கம் தூக்கியது. வலதை அமுக்கினால் இடது 'டக்' என்றது. மாற்றி மாற்றி அமுக்கினேன். டக். டக்.

கலர் போடும் பெண் எட்டிப் பார்த்தாள். "சின்னதால்ல வந்திருக்கு. அண்ணே, நம்பரு..." என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அவள் கேலி செய்யாமல் விட்ட ஒரே தப்பு அதுதான். அன்றைக்குக் கேலி செய்திருக்கலாம்.

நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், வெட்கப்பட்டு இனி ஆகப்போவது ஒன்றும் இல்லை. மெஷினை அணைத்தேன், போட்டேன். குளிர்பதனப் பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்தேன், ஏன் என்று இன்றுவரை தெரியாது. ஒரு கையுறையை இரண்டு கையிலும் மாட்டப் பார்த்தேன். கடைசியில் டாக்டருக்குப் போன் போட்டேன். மறுபடி கடைந்து, சுட்டு, கலர் போட ஞாயிற்றுக்கிழமை ஆகிவிடும் என்றேன். அவர் அன்று மத்தியானமே சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கோயம்புத்தூர் கிளம்புகிறார், புதன்கிழமைதான் வருவார்.

அக்காவிடம், "மெஷின் கெட்டுப்போச்சுக்கா" என்றேன்.

"மெசினா?" என்றாள்.

"ஆமாக்கா. பல்லு இல்லாமலே போயிருவமே. ஆபரேசன் முடிஞ்சு வந்து கட்டிக்கிருவோம்."

"அதெல்லாம் ஆகாது. நான் எங்க ஓடிப்போகப் போறேன்? ஒம் மெசினு மெதுவா சரியாகட்டும்."

மச்சான் ஆஸ்பத்திரிக்குப் பேசினார். அதற்கடுத்த வாரம் வியாழக்கிழமைக்கு முந்தி இடமில்லை என்றார்கள். பத்து நாள் தள்ளிப் போயிற்று.

இங்கே ஒன்று எழுத வேண்டும். எழுத வேண்டாம் என்றுதான் முதலில் இருந்தேன். நாள் தள்ளிப்போனதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். 'திறந்து' என்று டாக்டர் சொன்ன வார்த்தை பத்து நாளைக்கு என்னை விட்டுவிட்டது. அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன். அக்காளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். அவள் திட்டியிருப்பாள். அவ்வளவுதானே.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி கடைந்தேன். நம்பரை எத்தனை தடவை வாசித்தேன் என்பதைச் சொன்னால் சிரிப்பீர்கள். தப்புச் செய்தவனுக்கு ஒரு திமிர் வருமே, அது எனக்கும் வந்தது. மெஷினை ஓட விடுமுன் கம்ப்யூட்டரில் அந்த ஒரு பல்லைப் பிடித்து, கொஞ்சம், மயிரிழைதான், பக்கத்துப் பல் மேல் சாய்த்துவிட்டேன்.

புதன்கிழமை டாக்டர் பல்லைக் கட்டினார். அச்சாக உட்கார்ந்தது. அக்கா கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். நாக்கை விட்டுத் தடவினாள்.

"டேய் களவாணி" என்றாள். "நேரா வையின்னேன்ல?"

"வட்டு அப்படிக்கா. சுடும்போது சாஞ்சிருச்சு."

"வட்டு சாஞ்சிருச்சா, நீ சாச்சியா? டாக்டர், இவன் வேலைக்கு லாயக்கில்லாதவன், வேற ஆளப் பாருங்க. பல்லக்கூட ஒழுங்கா நிறுத்தத் தெரியல."

டாக்டர் சிரித்தார். அக்கா சிரித்தாள். தலைப்பு மேலே வரவில்லை. முதலில் வெளியே வந்தது அந்தப் பல்தான்.

நான்கு நாள் அந்தப் பல்லோடு இருந்தாள். வியாழன் அன்று முறுக்குத் தின்றதாகப் போனில் கடித்துக் காட்டினாள். சனிக்கிழமை நான்கு மணிக்கு நம்பர் பார்த்தியா என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை மச்சான் காப்பியோடு போய்க் கூப்பிட்டபோது நாற்காலியில் சாய்ந்தபடி இருந்தாளாம். தலைவாரி முடித்திருந்தாள், சீப்பு மடியில் கிடந்ததாம்.

பிறந்த வீட்டுக் கோடிச் சேலை நான் எடுக்க வேண்டும். ஜவுளிக்கடையில் விற்பவர் சேலையை உதறிப் போட்டு, "என்ன விசேஷத்துக்கு சார்?" என்று முகம் மலரச் சிரித்தார். கீழ் வரிசை, வலது பக்கம், நம்ம சரக்கு. கையில் வந்ததை எடுத்துக்கொண்டு ஒக்கூர் பஸ் ஏறினேன். பாதி வழியில்தான் வண்டியைக் கடைவாசலில் பூட்டாமலே விட்டு வந்தது நினைவு வந்தது. இறங்கவில்லை.

ஊரே வந்து முகத்தைப் பார்த்தது. அக்கா சொன்னபடிதான். தாடையைத் தூக்கிக் கட்டிய நாடிக்கட்டையும் மீறி உதடு கொஞ்சம் திறந்திருந்தது. வாய்க்கரிசி போட என் முறை வந்தபோது, கண்ணை மூடிக்கொண்டுதான் கையை நீட்டினேன். விரல் பல்லில் பட்டது. அந்த நேரத்தில் என் மனசில் என்ன ஓடியது தெரியுமா? விளிம்பு வழவழப்பாக இருக்கிறது, நல்ல வேலை என்று. என்னைப் படைத்தவன் என்னத்தைப் போட்டுப் படைத்தானோ.

மதுரை டாக்டரிடம் மச்சான் போனில் கேட்டார், திங்கட்கிழமையே வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று. நானும் பக்கத்தில் நின்றேன். "மேசையிலயும் நடந்திருக்கலாம். நடக்காமலும் போயிருக்கலாம். சொல்ல முடியாதுங்க" என்றார். அவர் நல்ல மனிதர். ஏதாவது ஒரு பக்கம் பொய் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் காடாத்து. பால் தெளித்துச் சாம்பலை ஆற்றி, எலும்பு பொறுக்கக் குனிந்தோம். சுடுகாட்டில் வேலை பார்ப்பவர் தலைமாட்டில் குச்சியால் கிளறியவர் எதையோ எடுத்து ஊதினார்.

"இது எலும்பு இல்லையே. வேகவே இல்ல பாருங்க."

எனக்குப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஆயிரத்து ஐந்நூறு டிகிரியில் நான் சுட்டது. விறகும் வரட்டியும் அதை என்ன செய்ய முடியும்? ஆறு பல்லும் ஒரே துண்டாக, புகை பிடித்து, அந்த ஒன்று பக்கத்துப் பல் மேல் சாய்ந்தபடி. மச்சான் கையில் வாங்கி வேட்டி நுனியால் துடைத்தார். வெள்ளை வெளியே வந்தது.

"நீ செஞ்சதுதான மாப்ள. நீயே வச்சுக்கிறியா?"

நான் சாம்பல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். மயக்கம் இல்லை. மயங்கினால் விசிற ஆளில்லை என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது போல.

"மச்சான்" என்றேன். "மெஷினு கெட்டுப்போகல."

அவர் என்னைப் பார்க்கவில்லை. பல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும் மாப்ள. அன்னைக்கே ஒங்கக்கா சொல்லிட்டா. நம்பரு பாத்தியான்னு கேட்டேன், பாத்தேன்னு வெடுக்குன்னு சொன்னான், அப்பவே தெரியும், பய கோட்ட விட்டுட்டான். ஆனா நீங்க கேட்றாதீக, கேட்டா மூணு நாளைக்குச் சோறு திங்க மாட்டான்னு சொன்னா."

நான் பல்லை வாங்கி எலும்புக் கலயத்துக்குள் போட்டேன். அவள் வாயில் இருந்தது அவளோடு போகட்டும் என்று நினைத்தேனா, என் கையில் இருக்க வேண்டாம் என்று நினைத்தேனா, தெரியவில்லை. தேவிபட்டினம் கடலில் கரைத்துவிட்டு வந்தோம். கரையாது என்று எனக்குத் தெரியும். மச்சானிடம் சொல்லவில்லை.

வேலைக்குத் திரும்பிய அன்று வட்டை மாட்டிவிட்டு நம்பரை வாசிக்க வாயைத் திறந்தேன். வரவில்லை. கலர் போடும் பெண் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். விளிம்பைப் பார்த்துச் சத்தமாக அவளே வாசித்தாள். மூன்று தடவை. மந்திரம் என்று சொல்லவில்லை. இப்போதும் அவள்தான் வாசிக்கிறாள்.

முதலில் கடைந்த பல், அக்கா கேட்டபடி நேராக இருப்பது, என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அவள் தாடையின் மாதிரியும் கூடவே இருக்கிறது. நான்கு மணி வாக்கில், லேபில் யாரும் கவனிக்காத நேரமாகப் பார்த்து, எடுத்து மாட்டிப் பார்ப்பேன். இடது பக்கம் உட்கார்ந்தால் வலது பக்கம் தூக்கிக்கொள்ளும். சரியாக வைத்தேனா என்று கழற்றி மறுபடி வைத்துப் பார்ப்பேன். அப்புறம் இன்னொரு தடவை.